அண்ணனின் நோயும் தங்கையின் மறதியும்

அன்புள்ள ஐயா,

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் பிறந்தவள் நான். இப்போது பட்டணத்தில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வயது 31. அண்ணனுக்கு மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா). மாதம் ஒரு முறை ஊசி போடுகிறார்கள். அம்மாவுக்கு முடியாததால் நான்தான் அண்ணனைப் பார்த்துக்கொள்கிறேன். சில மாதங்களாக எனக்கு மறதி அதிகமாகிவிட்டது. ரசீதை எங்கே வைத்தேன் என்று தேடுகிறேன். யாராவது தொலைபேசி எண் சொன்னால் எழுதுவதற்குள் பாதி போய்விடுகிறது. இந்த நோய் உள்ளவர்களின் உடன்பிறந்தவர்களுக்கும் நினைவாற்றல் குறைவு என்று படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது. எனக்கும் வரப்போகிறதா? வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள். அவர்களிடம் எதைச் சொல்வது?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் படித்தது பொய்யல்ல. ஆனால் அது உங்களைப் பற்றியதும் அல்ல.

அந்த ஆய்வுகள் ஏன் நடக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோயாளியின் நினைவாற்றலைச் சோதித்தால் குறைவு நோயால் வந்ததா, மாத்திரையால் வந்ததா என்று பிரிப்பது கடினம். அவருடைய தம்பி தங்கைக்கு நோயும் இல்லை, மாத்திரையும் இல்லை. பரம்பரையில் பாதி மட்டும் பொது. அவர்களிடமும் அதே குறைவின் சாயல் தென்பட்டால் அது மரபணு வழியே வருகிறது என்று ஊகிக்கலாம். மனச்சிதைவு பரம்பரையாக எப்படி வருகிறது என்று ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் இர்விங் காட்டஸ்மன் போன்றவர்கள் 1970-களில் தொடங்கிவைத்த தேடல் இது. நோயின் வேரைக் கண்டுபிடிப்பதுதான் நோக்கம். அடுத்து யார் விழுவார் என்று குறி சொல்வதல்ல.

சோதனை எப்படி இருக்கும் தெரியுமா? விளக்கு, ஆறு, நாற்காலி என்று தொடர்பில்லாத 15 சொற்களை ஒருவர் நிதானமாக வாசிப்பார். நினைவிருப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியலை ஐந்து முறை வாசிப்பார்கள். வேறு வேலை கொடுத்து, அரை மணி நேரம் கழித்து மறுபடி கேட்பார்கள். இதில் உறவினர்கள் சராசரியாகச் சற்றுப் பின்தங்குகிறார்கள். முப்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2004-இல் இதை உறுதிசெய்தார்கள். ஆனால் அந்த இடைவெளி பெரியதல்ல. நோயாளியின் தங்கை ஒருத்தியையும் தெருவில் போகிற வேறொரு பெண்ணையும் உட்காரவைத்துச் சோதித்தால், மூன்றில் ஒரு தடவைக்கும் மேல் தங்கைதான் அதிகச் சொற்களைச் சொல்வாள். ஆகவே ஒருத்தியின் மறதியை வைத்து அவளுடைய குடும்பத்தையோ எதிர்காலத்தையோ யாரும் கணிக்க முடியாது.

நோய் வரும் வாய்ப்பைக் கேட்டீர்கள். மறைக்க மாட்டேன். பொதுவாக நூற்றில் ஏறத்தாழ ஒருவருக்கு வருகிறது. காட்டஸ்மன் தொகுத்த பழைய ஐரோப்பியக் கணக்கில் உடன்பிறந்தவர்களுக்கு நூற்றில் ஒன்பது. அதாவது தொண்ணூற்றொரு பேருக்கு வருவதில்லை. பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலிருந்து முப்பதுக்குள் தொடங்குகிற நோய் இது. பெண்களுக்குச் சற்றுத் தாமதமாகவும் வரலாம் என்றாலும் அந்தக் காலத்தின் பெரும்பகுதியை நீங்கள் கடந்துவிட்டீர்கள்.

இனி உங்கள் மறதிக்கு வருகிறேன். கடையில் ஒருவர் எண் சொல்லும்போது உங்கள் காது வீட்டில் இருக்கிறது. அண்ணன் சாப்பிட்டாரா, கதவைத் திறந்துகொண்டு போய்விட்டாரா, அம்மா தனியாகச் சமாளிக்கிறாரா? அந்த எண் மறந்துபோகவில்லை, மனத்துக்குள் நுழையவே இல்லை. இரவிலும் தாழ்ப்பாள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டே படுத்திருப்பீர்கள். நோயாளியைக் கவனிக்கிற வீடுகளில் தூங்காத ஆள் ஒருவர் எப்போதும் இருப்பார். அது பெரும்பாலும் மகளாகவே இருப்பது எனக்குப் பொறுக்கவில்லை. தூக்கக்குறைவும் கவலையும் எவருடைய நினைவையும் கெடுக்கும். இரத்தச்சோகையும் தைராய்டு கோளாறும்கூட அப்படித்தான். முதலில் இவற்றைப் பாருங்கள்.

இல்லாத குரல் காதில் விழுந்தாலோ, காரணமில்லாமல் எல்லார்மேலும் சந்தேகம் வந்தாலோ தாமதிக்காதீர்கள். ரசீதைத் தேடுவது அந்த வகையல்ல.

மாப்பிள்ளை வீட்டாரிடம் அண்ணனின் நோயைச் சொல்லிவிடுங்கள், நிச்சயத்துக்கு முன்பே. நம் ஊர்களில் தஞ்சோங் ரம்புத்தான் என்ற பெயரையே வசைச்சொல் ஆக்கிவைத்திருக்கிறோம். 1911-இல் திறக்கப்பட்டு இன்றும் எத்தனையோ குடும்பங்களைத் தாங்குகிற மனநல மருத்துவமனை அங்கே இருக்கிறது. அந்த வசைக்குப் பயந்துதான் பல வீடுகள் வாயை மூடிக்கொள்கின்றன, சிகிச்சையும் தள்ளிப்போகிறது. ஊசி போட்டுக்கொண்டு வீட்டோடு இருக்கும் ஒருவரை ஏற்க முடியாத குடும்பம் உங்களுக்கு வேண்டாம். உங்கள் மறதியை அவர்களிடம் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த முறை அண்ணனை ஊசிக்கு அழைத்துப் போகும்போது, உங்கள் தூக்கத்தைப் பற்றியும் அந்த மருத்துவரிடம் சொல்லுங்கள். வாரத்தில் இரண்டு இரவாவது சித்தப்பாவோ மாமாவோ வந்து படுக்கட்டும். கேட்கத் தயங்காதீர்கள்.