பாசலுக்கு எந்த வாசல் வழியாக வருவது?

சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஆய்வுப் பணி கிடைத்து, கணவரோடும் நான்கு வயது மகளோடும் சென்னையிலிருந்து புறப்படவிருக்கும் சகோதரிக்கு வணக்கம். பாசல் விமான நிலையத்துக்கே பயணச்சீட்டு எடுப்பதா, சூரிச்சிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இறங்கி ரயிலில் வருவதா என்று கேட்டிருந்தீர்கள். பதினான்கு ஆண்டுகளாக இவ்வூரில் குடியிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: குழந்தையோடும் பெரிய பெட்டிகளோடும் வரும் முதல் பயணத்துக்குச் சூரிச்தான் நல்லது. விமான நிலையத்தின் அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. சுங்கத்தைக் கடந்து வந்தால், நேரடி ரயிலில் ஏறத்தாழ ஒன்றேகால் மணி நேரத்தில் பாசலில் இருப்பீர்கள். நேரடி ரயில் தவறினாலும் கவலையில்லை. சூரிச் முதன்மை நிலையத்துக்கு வந்து மாறிக்கொண்டால், அங்கிருந்து பாசலுக்கு ஒரு மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவுதான்.

பாசலின் பெயரைத் தாங்கிய விமான நிலையத்தை நான் ஏன் முதலில் சொல்லவில்லை என்று நீங்கள் நினைக்கலாம். அது சுவிட்சர்லாந்தில் இல்லை. 1946இல் பிரெஞ்சு மண்ணில் அமைந்து, 1949ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இரு நாடுகளும் சேர்ந்து நடத்திவரும் நிலையம் அது. பாசலுக்கு பிஎஸ்எல், அருகிலுள்ள பிரெஞ்சு நகரமான முல்ஹவுசுக்கு எம்எல்எச், பொதுவாக ஈஏபி என்று ஒரே இடத்துக்கு மூன்று குறியீடுகள் இருப்பதால், சீட்டில் எதைக் கண்டாலும் குழம்ப வேண்டாம். குழப்பம் வருவது வெளியேறும் இடத்தில்தான். ஒரே கட்டடத்துக்குள் சுவிஸ் பகுதி, பிரெஞ்சுப் பகுதி என இரண்டு இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனிச் சுங்கமும் தனி வாசலும் உண்டு. நான் முதன்முதலாக அங்கே இறங்கிய இரவில் முன்னால் போன கூட்டத்தைப் பின்பற்றிப் பிரெஞ்சு வாசலில் வெளியேறி, நின்றிருந்த பேருந்தில் ஏறிவிட்டேன். அது பிரெஞ்சு எல்லை ஊரான சென்-லூயியின் ரயில் நிலையத்தில் கொண்டுபோய் விட்டது. பாசலுக்கு அடுத்த ரயில் வரும்வரை குளிரில் பெட்டிகளோடு காத்திருந்தேன். சுவிஸ் வாசலில் வந்திருந்தால், ஐம்பதாம் எண் பேருந்து பிரெஞ்சு மண்ணின் ஊடே இரு பக்கமும் வேலியிட்டுப் பாசலுக்கென்றே அமைத்த சாலை வழியாகக் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்துக்கொண்டு என்னை நேராகப் பாசலின் முதன்மை ரயில் நிலையமான எஸ்பிபி நிலையத்தில் இறக்கியிருக்கும். இந்தியாவிலிருந்து நேரடி விமானமும் அந்த விமான நிலையத்துக்கு வருவதில்லை. எங்காவது மாறித்தான் வர வேண்டும். பின்னாளில் ஐரோப்பாவுக்குள் விடுமுறைக்குச் செல்லும்போது அந்த நிலையம் உங்களுக்கு மிகவும் உதவும்.

சென்னையிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் இருப்பதால் அந்த வழியும் கவர்ச்சியாகத் தோன்றும், தவறில்லை. விமான நிலையத்தில் தொலைதூர ரயில்களுக்கென்று தனி நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஐசிஇ விரைவு ரயிலில் பாசலுக்குச் சுமார் மூன்று மணி நேரமாகும். ஆனால் ஜெர்மன் ரயில்கள் தாமதமாவது வழக்கம் என்பதால், விமானம் தரையிறங்கிய உடனே புறப்படும் ஒரு ரயிலுக்கு மட்டும் செல்லுபடியாகும் மலிவுச் சீட்டை எடுக்காதீர்கள்.

அந்த ரயிலில் வரும்போது ஒன்றைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். எல்லையைக் கடந்ததும் முதலில் வரும் நிறுத்தம் 'பாசல் பாடிஷர் பான்ஹோஃப்'. அது சுவிஸ் மண்ணில் ஜெர்மன் ரயில்வே நடத்தும் நிலையம். அதற்குள் சுங்க வழியும் உண்டு. பாசல் என்ற பெயரைப் பார்த்ததும் பெட்டிகளை இறக்கிவிட்டு, பிறகு திகைத்து நிற்பவர்களை நான் பலமுறை கண்டிருக்கிறேன். ரைன் நதியின் வலக்கரையில் தங்குகிறீர்கள் என்றால் அங்கே இறங்குவதே சரி. இல்லையெனில் ரயில் ஆற்றைக் கடந்து சில நிமிடங்களில் எஸ்பிபி நிலையத்துக்குச் செல்லும். அவசரத்தில் தவறி இறங்கினாலும் அஞ்ச வேண்டாம், இரண்டாம் எண் டிராம் இவ்விரு நிலையங்களையும் இணைக்கிறது.

பாரிஸில் உறவினர்கள் இருப்பதாகவும், அங்கே தமிழர் கடைகள் நிறைந்த லா ஷப்பல் பகுதியில் இரண்டு நாள் தங்கிவிட்டு வரலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாரிஸின் கார் த லியோன் நிலையத்திலிருந்து டிஜிவி எனும் பிரெஞ்சு அதிவேக ரயிலில் பாசலுக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம், பயணம் இனிமையானது. எனினும் ஷார்ல் த கோல் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கும், பின் அங்கிருந்து கார் த லியோனுக்கும் அத்தனை பெட்டிகளையும் சுமந்து குழந்தையோடு அலைவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். குடியேறிய பிறகு ஒரு வார இறுதியில் கைப்பையோடு போய் வாருங்கள்.

இங்கே நடைமேடைக்குப் போகத் தடுப்புக் கதவுகள் கிடையாது. யாரும் கேட்கவில்லை என்று சீட்டின்றி ஏறிவிடலாம் போலத் தோன்றும். பரிசோதகர் எந்த நேரமும் வருவார், அபராதம் கடுமையானது. எனவே ஏறுமுன் எடுத்துவிடுங்கள். பெற்றோருடன் வரும் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சீட்டு தேவையில்லை. முதல் சில நாட்கள் பாசல் விடுதியில் தங்குவதானால் விருந்தினருக்கு 'பாசல்கார்ட்' தருவார்கள். அதைக் கொண்டு நகருக்குள் டிராமிலும் பேருந்திலும் இலவசமாகச் செல்லலாம். வந்திறங்கும் நாளில் விடுதி முன்பதிவு உறுதிச்சீட்டைக் காட்டினாலே நிலையத்திலிருந்து விடுதி வரை கட்டணமின்றிப் போகலாம் என்பதால், அதை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். நிரந்தரமாகத் தங்கிய பின் பாதிக் கட்டண அட்டையை வாங்கினால், ஊர் சுற்றும் குடும்பத்துக்கு அதன் விலை விரைவில் திரும்பக் கிடைத்துவிடும்.

எட்டாம் எண் டிராம் ஜெர்மனியின் வைல் நகருக்கும், மூன்றாம் எண் டிராம் பிரான்சின் சென்-லூயிக்கும் செல்கின்றன. விலை மலிவென்று எல்லோரும் வைலில் காய்கறியும் இறைச்சியும் வாங்கி வருவார்கள். 2025 முதல் ஒருவர் நாளொன்றுக்கு 150 ஃபிராங்க் மதிப்புக்கு மட்டுமே வரியின்றிக் கொண்டுவர முடியும், இறைச்சி என்றால் ஒரு கிலோ மட்டும்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அம்மாக்கள் கேட்க மாட்டார்கள். பருப்புப் பொடி வரட்டும். நெய்யும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் வேண்டாம். இந்தியாவிலிருந்து பால், இறைச்சிப் பொருட்களைக் கொண்டுவருவது எந்த வாசலில் நுழைந்தாலும் தடைசெய்யப்பட்டதே.

விடுதி இருக்கும் தெருவின் பெயரை எழுதுங்கள். எஸ்பிபி நிலைய வாசலில் எந்த டிராம் ஏறி எங்கே இறங்குவது என்பதை நிறுத்தம் நிறுத்தமாக எழுதி அனுப்புகிறேன்.