பனிக்கால மலைப்பாதையும் பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும்

கேள்வி: கேத்தியில் குடியிருக்கிறோம். மூத்தவளுக்கு நாலு வயது, சின்னவனுக்கு ஒன்பது மாதம். கணவருக்கு வெளியூரில் வேலை. காலை எட்டரைக்குள் பெரியவளை ஊட்டியில் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். துணைக்கு மாமியார் வருவார். சின்னவனை ஷாலில் சுற்றி முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்வார். மாதம் ஒருமுறை கோவையில் அம்மா வீட்டுக்கும் போவோம். பெட்ரோல் கார், கியர் வண்டி. லைசென்ஸ் எடுத்து எட்டு மாதம்தான் ஆகிறது. பனியில் ஓட்டுவது இதுதான் முதல் தடவை. காலையில் கண்ணாடி முழுக்க உறைபனி. வண்டியை எடுத்தால் உள்ளே ஆவி படிந்து ரோடே தெரிவதில்லை. குளிருக்குப் பயந்து பெரியவளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, ஜன்னலை முழுக்க ஏற்றிவிட்டுத்தான் கிளம்புகிறேன். சரியாகத்தான் செய்கிறேனா?
– ஒரு வாசகி, கேத்தி

பதில்: அன்புச் சகோதரி, குளிர் படக் கூடாதென்று நீங்கள் செய்வதில் மூன்று காரியங்களை நாளைக்கே மாற்றுங்கள்: கைக்குழந்தையை மடியில் வைப்பது, தடித்த ஸ்வெட்டருக்கு மேல் பெல்ட் மாட்டுவது, ஜன்னலை அடைத்து உள்காற்றையே சுற்றவிடுவது. பனியைச் சமாளிப்பது இவற்றைவிட எளிது.

முதலில் மடி. வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தில் போய் எதிலாவது மோதி, நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் நின்றால், எட்டுக் கிலோ குழந்தை சுமார் எழுபது கிலோ மூட்டையின் பலத்தோடு முன்னால் பாயும். எவ்வளவு பாசமான கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. முன் சீட்டில் ஏர்பேக் விரிந்தால் அது நேராகக் குழந்தையின் மேல்தான் அடிக்கும். சின்னவனுக்கு, பின்பக்கம் பார்த்து உட்காரும் சைல்டு சீட் வாங்கி, பின் சீட்டில் பொருத்துங்கள். பெல்ட் நுழையும் இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக் கூடாது. அவன் தாடை நெஞ்சில் இடிக்காத அளவுக்குச் சாய்வு இருக்க வேண்டும். பெரியவளுக்கு முன்பக்கம் பார்க்கும், தோள்பட்டை வார் வைத்த சீட். பின் சீட்டில் நடுவில் இடம் இருந்தால் அத்தை அங்கே பெல்ட் போட்டு உட்காரட்டும். இல்லையென்றால் முன்னால் தனியாக. பதினாலு வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ சைல்டு சீட்டோ இல்லாமல் ஏற்றினால் ஆயிரம் ரூபாய் அபராதம் என்று மோட்டார் வாகனச் சட்டமே சொல்கிறது.

அடுத்தது ஸ்வெட்டர். இன்று மாலையே வீட்டு வாசலில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மகளுக்குக் குளிர் ஜாக்கெட்டைப் போட்டு சீட்டில் உட்காரவைத்து, வாரை நன்றாக இறுக்குங்கள். பிறகு வாரைத் தளர்த்தாமல் கொக்கியை மட்டும் கழற்றி, ஜாக்கெட்டை உருவிவிட்டு மறுபடி மாட்டுங்கள். தோளுக்கும் வாருக்கும் நடுவே உங்கள் கையே புகும். மோதும்போது ஜாக்கெட்டுக்குள் இருக்கும் பஞ்சும் காற்றும் நசுங்கிப்போய், அந்த இடைவெளிதான் மிஞ்சும். பிள்ளை அதன் வழியே நழுவிவிடும். அதனால் மெல்லிய பனியனும் உடம்போடு ஒட்டிய ஒரே ஒரு ஸ்வெட்டரும் போதும். காறை எலும்புக்கு மேலே வாரை இரண்டு விரலால் கிள்ளிப் பாருங்கள். மடிப்பு பிடிபடாவிட்டால் இறுக்கம் சரி. மாட்டிய பிறகு கம்பளியை மேலே போர்த்துங்கள், ஜாக்கெட்டைத் திருப்பி முன்பக்கமாகக் கையில் மாட்டிவிட்டாலும் சரி. சின்னவன் முகத்தின் மேல் ஷால் வரக் கூடாது. கார் சூடானதும் குல்லாவைக் கழற்றிவிடுங்கள். பிடரியில் கை வைத்து, வியர்த்திருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

இனி கண்ணாடி. இரவு ஒன்பது மணிக்கு வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். மேகம் இல்லாமல் நட்சத்திரம் பளிச்சென்று தெரிந்து, காற்றும் அசையாமல் இருந்தால் காலையில் உறைபனி விழ வாய்ப்பு அதிகம். அந்த மாதிரி இரவில் தரையும் கண்ணாடியும் தங்கள் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். குளிர்ந்த காற்று கனத்து, கேத்தி மாதிரிப் பள்ளத்தாக்கிலும் தலைகுந்தா மாதிரித் தாழ்ந்த வெளிகளிலும் போய்த் தேங்கும். காற்று இரண்டு மூன்று டிகிரியில் இருக்கும்போதே கண்ணாடி பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடுவதும் இதனால்தான். மேலே ஒரு தகரக் கூரை இருந்தாலே பாதி வேலை முடிந்தது. இல்லையென்றால் முன் கண்ணாடியில் உலர்ந்த கோணிச் சாக்கையோ அட்டையையோ விரித்து, ஓரத்தைக் கதவிடுக்கில் செருகிவிடுங்கள். வைப்பரைத் தூக்கி நிறுத்திவையுங்கள்.

மூடாமல் விட்ட நாளில் வெந்நீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். சில்லிட்ட கண்ணாடி ஒரு பக்கம் மட்டும் சட்டென்று விரியும்போது விரிசல் விடும். ஏற்கெனவே கல் தெறித்த புள்ளி இருந்தால் கேட்கவே வேண்டாம். பழைய ஏடிஎம் கார்டால் சுரண்டினால் போதும். அல்லது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்துக்கொண்டு அடியுங்கள், நிமிடத்தில் இளகிவிடும். பிள்ளைகள் கைக்கும் நெருப்புக்கும் எட்டாமல் வையுங்கள். ஒட்டியிருக்கும் பனியின் மேல் வைப்பரைப் போட்டால் ரப்பர் கிழியும், மோட்டாரும் கெடும்.

உள்ளே படியும் ஆவி வேறு சங்கதி. நாலு பேர் மூச்சும் நனைந்த மிதியடியும் குடையும் விடுகிற ஈரம்தான் அது. உள்காற்றையே சுற்றவிட்டால் அந்த ஈரம் போக வழியில்லை. காருக்குள் அம்பு வளைந்த படம் போட்ட பட்டனை அணைத்து வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். காற்றை முன் கண்ணாடிப் பக்கம் திருப்பி, சூட்டை முழுக்க வைத்து, ஏசியையும் சேர்த்துப் போடுங்கள். குளிருமே என்று தயங்க வேண்டாம். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தைப் பிழிந்துவிடும், ஹீட்டர் அந்தக் காற்றைச் சூடாக்கிக் கொடுக்கும். உறைபனிக் காலையில் ஏசி தானாக நின்றுவிடலாம். அப்போது பின் ஜன்னலை ஒரு விரல் அளவு இறக்குங்கள். வாரம் ஒருமுறை கண்ணாடியின் உள்பக்கத்தை நன்றாகத் துடையுங்கள். அங்கே படிந்திருக்கும் எண்ணெய்ப் பசை ஆவியை இழுத்துப் பிடிக்கும், எட்டு மணி வெயில் நேரே அடிக்கும்போது கண்ணையும் மறைக்கும்.

வண்டி சூடாகட்டும் என்று ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டு, பிள்ளைகளை உள்ளே உட்காரவைக்காதீர்கள். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. தூக்கம் வருவது போலத் தெரியும், அவ்வளவுதான். வண்டியை வெளியே எடுத்து, அரை நிமிடம் விட்டு, மெதுவாக நகருங்கள். நின்றிருப்பதைவிட ஓடும்போதுதான் ஹீட்டர் சீக்கிரம் சூடாகும்.

டயர் காற்றைக் காலையில் வண்டி ஓடுவதற்கு முன் பாருங்கள். ஓடிச் சூடான டயர் நாலைந்து பவுண்டு கூடக் காட்டும். அதை நம்பி இறக்கிவிட்டால் மறுநாள் காலையில் குறைந்து நிற்கும். பேட்டரி மூன்று வருடம் தாண்டியிருந்தால் வோல்ட் பார்க்கச் சொல்லுங்கள். இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.4-க்குக் கீழே இருந்தால் குளிரில் ஒருநாள் கைவிடும்.

மேட்டுப்பாளையம் இறக்கத்துக்குக் காலை ஒன்பதுக்கு மேல் கிளம்புங்கள். திரும்பும்போது நாலு மணிக்குள் குன்னூர் வந்துவிடப் பாருங்கள். பதினாலு கொண்டை ஊசி வளைவிலும் இரண்டாம் கியர். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். நியூட்ரலில் உருட்டக் கூடாது. பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பு போய்விடும். கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் அரை மணி நேரம் நிறுத்துங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். ஏறி வரும் வண்டிக்கு வழி விடுங்கள். மூடுபனியில் ஹைபீம் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரியும். லோபீம் போதும், இடது ஓரக் கோட்டைப் பிடித்துப் போங்கள். நாலு இண்டிகேட்டரையும் எரியவிட்டு ஓட்டாதீர்கள், நீங்கள் எந்தப் பக்கம் திரும்புகிறீர்கள் என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. பர்லியாருக்கும் கல்லாருக்கும் நடுவே யானை நின்றால் தள்ளி நிறுத்துங்கள். ஹாரன் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்.

பின் சீட்டில் அழுகை கேட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். அகலமான இடத்தில் நிறுத்திவிட்டுப் பாருங்கள். இறக்கத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் காது அடைத்து வலிக்கும், சளி இருந்தால் இன்னும் அதிகம். நடுவே இரண்டு இடத்தில் நிறுத்திச் சின்னவனுக்குப் பால் கொடுங்கள். விழுங்கும்போது காது திறக்கும். பெரியவளுக்கு அடிக்கடி ஒரு மடக்குத் தண்ணீர். அவள் வாந்தி எடுக்கிறவள் என்றால் கிளம்புவதற்கு ஒன்றரை மணி நேரம் முன்பே இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள், பால் வேண்டாம். செல்போனைக் கையில் கொடுக்காமல் எதிரே ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். வாந்தி மாத்திரையைக் குழந்தை மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.

பர்லியாரில் ஒரு நிறுத்தம் கட்டாயம். கேத்தியில் போட்ட கம்பளி அங்கேயே புழுங்க ஆரம்பிக்கும்; இரண்டு பேருக்கும் ஸ்வெட்டரைக் கழற்றி, துணி குறைந்த அளவுக்கு வாரை மறுபடி இறுக்கிவிட்டு வண்டியை எடுங்கள்.