பிரசவ அறையின் மயக்க மருத்துவர்

கேள்வி: என் மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, பயிற்சி மருத்துவராக இருக்கிறாள். மயக்கவியலில் எம்.டி. படித்து, பிரசவ மயக்கவியலில் ஆய்வு செய்து, மருத்துவக் கல்லூரியில் கற்பிக்கவும் விரும்புகிறாள். “ஊசி போட்டுவிட்டு ஓரமாக உட்காரும் வேலைக்கு இவ்வளவு படிப்பா?” என்று உறவினர்கள் கேட்கிறார்கள். நான் என்ன பதில் சொல்வது?
— ஒரு வாசகி, மாட்டுங்கா, மும்பை

பதில்: அன்புச் சகோதரி, ஊசி போடுவதற்குச் சில நிமிடங்கள் போதும்; அதன் பிறகுதான் அந்த மருத்துவரின் உண்மையான வேலை தொடங்குகிறது. நிறைமாதக் கர்ப்பிணியின் உடல் மற்றவர்களுடையதைப் போன்றதன்று. நுரையீரலில் இருப்பாகத் தங்கும் காற்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்க, உடலின் ஆக்சிஜன் தேவையோ கூடியிருக்கும். ஆகவே முழு மயக்கம் கொடுத்துச் சுவாசக் குழாய் செலுத்துவதில் சற்றுத் தாமதித்தாலும் இரத்தத்தில் ஆக்சிஜன் வேகமாகக் குறைந்துவிடும். மல்லாந்து படுத்தால் இதயத்துக்கு இரத்தத்தைத் திரும்பக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையைக் கருப்பை அழுத்துவதால், இடப்புறம் சாய்த்துப் படுக்க வைக்கிறார்கள். இக்காரணங்களாலேயே பெரும்பாலான சிசேரியன்களுக்கு முதுகில் ஊசி போட்டு மார்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்கிறார்கள். அப்போதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கக்கூடும். அது குழந்தைக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கும். ஒரே ஊசியால் இரண்டு உயிர்களுக்குப் பொறுப்பேற்கும் இந்த மருத்துவரை ஓரமாக உட்காருபவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதில் ஆய்வுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களிடம் வர்ஜீனியா அப்கார் பற்றிச் சொல்லுங்கள். 1949இல் கொலம்பியா பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர். அறுவை மருத்துவம் பயின்று மயக்கவியலுக்கு வந்தவர். பிறந்த குழந்தையின் இதயத் துடிப்பு, சுவாசம், தசை இறுக்கம், தூண்டலுக்குக் காட்டும் எதிர்வினை, தோலின் நிறம் ஆகிய ஐந்தையும் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 2 வரை மதிப்பெண் தரும் முறையை அவர் வகுத்து 1953இல் வெளியிட்டார். இன்று மும்பையிலும் மதுரையிலும் பிறக்கும் குழந்தையின் குறிப்பேட்டில் ‘அப்கார் ஸ்கோர்’ என்று எழுதுகிறார்களே, அது ஒரு மயக்க மருத்துவரின் கொடை. தாய்க்குக் கொடுத்த மருந்து குழந்தையை எப்படிப் பாதித்தது என்று கவனித்துப் பழகிய கண்ணுக்குத்தான் அது புலப்பட்டிருக்க முடியும் என்பது என் எண்ணம்.

பாதை நீளமானதுதான்: நீட் பி.ஜி. தேர்வு, மூன்றாண்டு எம்.டி., பின்னர் சீனியர் ரெசிடென்ட் பணி, உதவிப் பேராசிரியர் பதவி, அதற்குமேல் உயர ஆய்வுக் கட்டுரைகள். பிரசவம் நேரம் பார்த்து வருவதில்லை என்பதால் இரவுப் பணியும் நிறைய உண்டு. அதை மறைக்காமல் மகளிடம் பேசுங்கள். தனியார் மருத்துவமனையில் கிடைக்கும் வருமானம் கற்பித்தலில் கிடைக்காமல் போகலாம்.

அவள் பயிற்சிக்காலம் முடியுமுன், துறைத்தலைவரிடம் அனுமதி பெற்று, சில சிசேரியன்களின்போது மேசையின் தலைமாட்டில் நின்று பார்க்கட்டும். தாயின் மார்புக்குக் குறுக்கே கட்டிய திரைக்கு அப்பால் இருப்பவர்களுக்கு வயிறு மட்டுமே தெரியும், விழித்திருக்கும் தாயின் முகத்தைப் பார்த்து, “மூச்சு முட்டுகிறதா? குமட்டுகிறதா?” என்று கேட்டுக்கொண்டே இருப்பவர் மயக்க மருத்துவர். அந்த இடம் அவளுக்குப் பிடித்திருந்தால் தயங்காமல் அனுப்புங்கள்.