பழைய ஸ்போர்ட்ஸ் பைக்: தொலைத்த பவரை மீட்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

வரும் கேள்விகளில் பாதிக்கு மேல், எந்த சைலன்சர், எந்த ஏர் ஃபில்டர் போட்டால் பவர் கூடும் என்றுதான் தொடங்குகின்றன. இருபது, முப்பது வருடம் ஓடிய இன்ஜினில் புதிதாகச் சேர்க்க முடிவதைவிட அது தொலைத்திருப்பதே பெரும்பாலும் அதிகம். அதை மீட்காமல் மேலே எதைப் போட்டாலும் பலன் தெரியாது. பதில்களின் வரிசையும் அதையொட்டியே.

கே: 1996 மாடல் 600 சிசி, நான்கு சிலிண்டர். கம்பெனி சொன்னது 100 குதிரைத்திறன். டைனோவில் (பவர் அளக்கும் கருவி) ஏற்றினால் 84தான் வருகிறது. மீதி 16 எங்கே?

ப: பதினாறும் தொலைந்துவிடவில்லை. கம்பெனிக் கணக்கு கிராங்க்கில், அதாவது இன்ஜினின் சுழல்தண்டில், எடுத்தது. டைனோ அளப்பது பின்சக்கரத்தில். கியர்பாக்ஸ், செயின், டயர் எல்லாம் சேர்ந்து 10 முதல் 15 சதவீதம் தின்றுவிடும். நல்ல நிலையில் உள்ள வண்டியே 85–90தான் காட்டும். உங்கள் உண்மையான குறை ஒன்றிலிருந்து ஆறு குதிரைக்குள்.

இன்ஜினைத் தொடும் முன் பின்சக்கரத்தைத் தூக்கி நியூட்ரலில் கையால் சுற்றிப் பாருங்கள். ஒரு சுற்றுகூட முழுதாக வராமல் நின்றால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்து பிரேக் பேட் உரசுகிறது என்று பொருள். அடுத்து ஏர் ஃபில்டரைக் கழற்றி, வேறொருவரை ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகச் சொல்லி, கார்புரேட்டருக்குள் மேலும் கீழும் நகரும் ஸ்லைடை விரலால் தூக்கி டார்ச் அடியுங்கள். உள்ளே பட்டர்ஃபிளை (காற்றுவழியைத் திறந்து மூடும் தட்டு), விளிம்பு மட்டும் தெரியும்படி படுத்திருக்க வேண்டும். கேபிள் நீண்டுபோன வண்டிகளில் அது சாய்ந்தே நிற்கும். கேபிளை அட்ஜஸ்ட் செய்வது பத்து நிமிட வேலை. ஆனால் பலர் இதைப் பார்ப்பதே இல்லை.

கே: கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம்) பார்த்தேன். 165, 160, 120, 165 பிஎஸ்ஐ. மூன்றாவது சிலிண்டருக்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டுமா?

ப: இப்போதே வேண்டாம். முதலில் அளந்த முறை சரியா என்று பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், நான்கு பிளக்கும் வெளியே இருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், பேட்டரி முழு சார்ஜில் இருக்க வேண்டும். கழற்றிய பிளக்குகளை கேப்பில் மாட்டி இன்ஜினோடு எர்த் ஆகும்படி வையுங்கள். அப்படியே தொங்கவிட்டு ஸ்டார்ட்டர் அடித்தால் பிளக்குக்கு மின்பொறி தரும் காயிலும் இக்னிஷன் யூனிட்டும் போகக்கூடும். கேஜ் முள் ஏறுவது நிற்கும்வரை, ஐந்து முதல் ஏழு ஸ்ட்ரோக் அடியுங்கள்.

மறுபடியும் 120 என்றால், பிளக் துளை வழியாக 5 மி.லி. இன்ஜின் ஆயில் விட்டு அளங்கள். எண் நன்றாக ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்மானம். அசையாமல் நின்றால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட். ஒரு சிலிண்டர் மட்டும் இவ்வளவு இறங்கியிருந்தால், பெரும்பாலும் டைட்டான எக்ஸாஸ்ட் வால்வுதான் காரணம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். வண்டி ஓட ஓட வால்வு தன் சீட்டுக்குள் மெல்ல அமிழும், அதற்கும் அதைத் திறக்கும் தண்டான கேமுக்கும் உள்ள இடைவெளி குறையும், சத்தமும் குறையும். ‘டேப்பட் சத்தமே இல்லை, இன்ஜின் அருமை’ என்று மகிழும்போது வால்வு முழுதாக மூடாமல், சூட்டை சீட்டுக்குக் கடத்த வழியின்றி எரிந்துகொண்டிருக்கும்.

இன்ஜின் முழுக்கக் குளிர்ந்தபின், ஓர் இரவு நிறுத்திவைத்து, இந்த இடைவெளியை ஃபீலர் கேஜால் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளங்கள். இடைவெளியைச் சரிசெய்யும் சிறு தகடான ஷிம்மின் கணக்கு எளிது: புது ஷிம் = பழைய ஷிம் + அளந்த இடைவெளி − வேண்டிய இடைவெளி. உதாரணமாக, மேனுவலில் எக்ஸாஸ்ட் 0.20–0.25 மி.மீ.; நீங்கள் அளந்தது 0.11, உள்ளே இருப்பது 2.75 ஷிம். இடைவெளி இனியும் குறையத்தான் போகிறது என்பதால் மேல் எல்லையை ஒட்டி 0.24 வையுங்கள். 2.75 + 0.11 − 0.24 = 2.62. கடையில் 2.625 கிடைத்தால் இடைவெளி 0.235 வரும். 0.05 படியில்தான் கிடைக்கிறது என்றால் 2.65 போடுங்கள், 0.21 வரும். ஷிம்மில் அச்சிட்ட எண்ணை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள்.

ஷிம்மை மாற்றக் கேமைக் கழற்றும்போது, அதை மேலிருந்து பிடிக்கும் கேம் கேப் போல்ட்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாக, கால் சுற்று கால் சுற்றாகவே தளர்த்துங்கள், மாட்டும்போதும் அப்படியே. ஒரு பக்கத்தை முழுதாகக் கழற்றினால் வால்வு ஸ்பிரிங் தள்ளி, கேப் உடையும். தனிக் கேப் பெரும்பாலும் கிடைக்காது. ஹெட்டையே மாற்ற வேண்டிவரும். எல்லாம் மாட்டியபின் கிராங்க்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகளை மறுபடி பாருங்கள். நடுவில் கெட்டியாக முட்டினால் அழுத்தாதீர்கள். கேம் ஒரு பல் மாறியிருக்கும். இதன்பின் கம்ப்ரஷன் ஏறவில்லை என்றால்தான் ஹெட்டைக் கழற்றும் பேச்சு.

கே: 5,000 ஆர்பிஎம் வரை நன்றாக ஓடுகிறது. அதற்கு மேல் இழுக்காமல் தயங்குகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழுவியாயிற்று.

ப: கழுவினால் போகிற நோய் இது இல்லை போலிருக்கிறது. வேக்குவமில் ஏறும் ஸ்லைடு என்றால் முதல் சந்தேகம் டயாஃப்ரம் (ஸ்லைடைத் தூக்கும் ரப்பர் சவ்வு). நான்கு ஸ்லைடையும் விரலால் மேலே தூக்கி ஒவ்வொன்றாக விடுங்கள். நல்ல ஸ்லைடு மூச்சு விடுவதுபோல மெல்ல இறங்கும். டயாஃப்ரம் கிழிந்தது தொப்பென்று விழும். மூடியைத் திறந்து ரப்பரை விளக்கு வெளிச்சத்தில் பிடித்து, மடிப்புகளை விரித்துப் பாருங்கள். ஊசித்துளை அங்கேதான் ஒளிந்திருக்கும். கார்புரேட்டர் கிளீனரை அந்த ரப்பரில் படவிட்டால் ஊதிப்போய் அதன் பள்ளத்தில் உட்காராது. இரண்டு முறை கழுவியபோது அதுவே நடந்திருக்கலாம்.

இரண்டாவது, ஸ்லைடில் தொங்கும் ஊசியான ஜெட் நீடிலும் அது உரசும் துளையான நீடில் ஜெட்டும். வருடக்கணக்கில் உரசி வட்டத்துளை முட்டைவடிவமாகிவிடும். பாதி ஆக்சிலேட்டரில் பெட்ரோல் அதிகமாகி, பிளக் கரிபிடித்து, மைலேஜும் விழும். நீடிலை மட்டும் மாற்றினால் பாதிதான் சரியாகும், இரண்டையும் மாற்றுங்கள்.

கோளாறு எந்தப் பகுதியில் என்று தெரிய ஆக்சிலேட்டர் பிடியில் டேப் ஒட்டி கால், அரை, முக்கால் என்று குறியிடுங்கள். எட்டில் ஒரு பங்கு திறப்பு வரை பைலட் ஜெட் என்ற சிறிய பெட்ரோல் துளையின் ராஜ்யம். காலிலிருந்து முக்கால் வரை நீடில். அதற்கு மேல் மெயின் ஜெட். முழுத் திறப்பில் தயங்கும்போது சற்றே மூடினால் வண்டி முன்னே பாய்ந்தால் மெயின் ஜெட் சிறியது, அல்லது பெட்ரோல் போதவில்லை.

பைலட் ஜெட்டின் துளை 0.35–0.40 மி.மீ. அளவுதான். இரும்புக் கம்பியால் குத்தாதீர்கள். துளை பெரிதானால் ஐடிலிங் ஒருபோதும் சரிவராது. நான்கு கார்புரேட்டரையும் வேக்குவம் கேஜ் வைத்துச் சமப்படுத்துவது எப்போதும் டேப்பட் (வால்வு இடைவெளி) வேலைக்குப் பிறகுதான். முன்னால் செய்தால் மறுபடி செய்ய வேண்டிவரும்.

கே: நெடுஞ்சாலையில் ஒரு நிமிடம் வேகமாகப் போனால் பெட்ரோல் தீர்ந்ததுபோல் அடங்குகிறது. நிறுத்தி எடுத்தால் சரி.

ப: அடுத்த முறை அடங்கும்போது பாதுகாப்பாக ஓரங்கட்டி, டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளை அடைத்திருக்கிறது. இல்லையென்றால் பெட்ரோல் டேப்பின் உள் வலை, வேக்குவம் டேப்பின் டயாஃப்ரம், ஃபில்டர் என்ற வரிசையில் பாருங்கள். முன்பக்கக் காற்றை ஏர்பாக்ஸுக்குள் அழுத்தும் வண்டிகளில், கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் மிதவைக் கிண்ணத்தின் வென்ட் குழாயும் அதே அழுத்தத்தைப் பெற வேண்டும். முன்பு வேலை செய்தவர் அதைத் தொங்கவிட்டிருந்தால் வேகம் கூடக் கூட காற்று–பெட்ரோல் கலவை லீன் (பெட்ரோல் குறைவு) ஆகும்.

கே: சூடானபின் உச்ச ஆர்பிஎம்மில் மிஸ்ஸிங். பிளக் புதிது.

ப: சாவி போட்ட நிலையில் பேட்டரியிலும் காயிலின் உள்வரும் ஒயரிலும் வோல்ட் அளங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கில் சுவிட்ச், கனெக்டர்கள் பச்சைபிடித்திருக்கின்றன. சுத்தம் செய்தும் போதவில்லை என்றால் ஒரு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாக காயிலுக்கு நேரடி மின்சாரம் கொடுங்கள். பழைய ஒயர் ரிலேவை இயக்கினால் போதும். பிளக் கேப்பை மீட்டரில் வையுங்கள்: 5 கிலோ ஓம் வர வேண்டிய இடத்தில் 20 வந்தால் தூக்கிப்போட வேண்டியதுதான்.

கே: ஏர்பாக்ஸை எடுத்துவிட்டு நான்கு தனி ஃபில்டர் போட்டேன். சத்தம் பிரமாதம், பிக்கப் போய்விட்டது.

ப: ஏர்பாக்ஸைத் திரும்ப மாட்டுங்கள். காற்றை அமைதிப்படுத்தவும், குறிப்பிட்ட ஆர்பிஎம்மில் அழுத்த அலைகளைச் சிலிண்டருக்குள் தள்ளவும் கணக்கிட்டு வடிவமைத்தது அது. வேக்குவம் ஸ்லைடுகளுக்கு அந்த அமைதியான காற்று தேவை. ஜெட் மாற்றி உச்சியில் ஓரளவு மீட்கலாம், நடுப்பகுதியின் பள்ளம் போகாது.

கே: 1989-க்குப் பிந்தைய யமஹா எஃப்இசட்ஆர்1000. 4,000–6,000க்குள் உயிரே இல்லை.

ப: எக்ஸாஸ்டில் உள்ள, ஆர்பிஎம்முக்கு ஏற்பப் புகை வழியைத் திறந்து மூடும் எக்ஸ்அப் வால்வைப் பாருங்கள். சாவி போட்டதும் சிறிய மோட்டார் ஒருமுறை சுழன்று நிற்கும் சத்தம் கேட்க வேண்டும். கேட்டும் குறையிருந்தால் கேபிள் அறுந்திருக்கும் அல்லது தண்டு துருவில் இறுகியிருக்கும். துருவிளக்கி விட்டு, சூடாக்கி, மெல்ல அசைத்து எடுங்கள். திறந்த நிலையிலேயே விட்டுவிட்டால் போதும் என்பார்கள்; நடுப்பகுதி இழுவை அத்தோடு போய்விடும்.

கே: 250 சிசி டூ-ஸ்ட்ரோக் ட்வின். பெரிய ஜெட், எக்ஸ்பான்ஷன் சேம்பர் (நடுவில் அகன்ற எக்ஸாஸ்ட் குழாய்) போட நினைக்கிறேன். எங்கே தொடங்குவது?

ப: கிராங்க் தண்டின் ஓரத்தில் காற்று புகாமல் தடுக்கும் கிராங்க் சீலிலிருந்து. இன்டேக்கையும் எக்ஸாஸ்டையும் அடைத்து 6 பிஎஸ்ஐ காற்று ஏற்றி 6 நிமிடம் பாருங்கள். முள் இறங்கக் கூடாது. சீல் வழியே காற்று புகுந்தால் கலவை லீன் ஆகி பிஸ்டன் ஒட்டிக்கொள்ளும், சேம்பர் போட்டால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். இன்டேக்கில் உள்ள ரீட் இதழ்களின் நுனி சிதைந்திருக்கிறதா, எக்ஸாஸ்ட் துளையில் உள்ள பவர் வால்வு கரியில் சிக்கியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். மூன்றும் சரியானபின் சேம்பர், அதற்கேற்ற பெரிய மெயின் ஜெட். பெரியதிலிருந்து தொடங்கிச் சிறியதாக்கிக்கொண்டே வாருங்கள், எதிர்த்திசையில் போகாதீர்கள்.

கே: ஹெட்டைச் சீவி, 1 மி.மீ. ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் எவ்வளவு கூடும்?

ப: 65 மி.மீ. போரை (சிலிண்டர் விட்டம்) 66 ஆக்கினால் சிசி 3.1 சதவீதம்தான் கூடுகிறது. கம்ப்ரஷன் 12-லிருந்து 13-க்கு ஏறினால், ஏட்டுக் கணக்கில்கூட 2 சதவீதத்துக்கும் குறைவு. அதற்கு விலையாக, உயர் ஆக்டேன் பெட்ரோல், நாக்கிங் (பெட்ரோல் தாறுமாறாக வெடிப்பது) பயம், சீவியதால் பின்தங்கும் கேம் டைமிங், குறையும் வால்வு–பிஸ்டன் இடைவெளி. இன்டேக்கில் 1 மி.மீ., எக்ஸாஸ்டில் 1.5 மி.மீ.க்குக் கீழே போனால் ஆபத்து. பிஸ்டன் தலையில் களிமண் வைத்து அளக்காமல் ஸ்டார்ட் செய்யவே கூடாது. சிலிண்டர் நிக்கல் பூச்சு போட்டதா என்றும் பாருங்கள். பூச்சை போர் செய்ய முடியாது. எங்கள் பரிந்துரை, அதே செலவில் வால்வு சீட்டை மூன்று கோணத்தில் வெட்டி, கேம் டைமிங்கை டிகிரி வீல் (கோணம் குறித்த வட்டு) வைத்துச் சரிசெய்வது.

கே: இன்ஜினைத் தொடாமல் பிக்கப் கூட்ட வழி?

ப: செயின் ஓடும் முன் பல்சக்கரத்தில் (ஸ்ப்ராக்கெட்) ஒரு பல் குறையுங்கள். முன், பின் பற்கள் 16–45 இருந்த இடத்தில் 15–45 போட்டால் பின்சக்கர இழுவை ஒவ்வொரு கியரிலும் 6.7 சதவீதம் கூடும். 5,000-ல் ஓடிய வேகத்துக்கு 5,330 ஆர்பிஎம் ஆகும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்து எடுக்கும் வண்டி என்றால் அதுவும் அதே அளவு கூட்டிக் காட்டும். சிறிய ஸ்ப்ராக்கெட்டில் செயின், ஸ்விங்ஆர்ம் மேலுள்ள ரப்பர் பட்டையை நெருங்கும். 500 கி.மீ. கழித்துப் பட்டையில் புதிய பள்ளம் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.