கதவைத் திறந்துவிடும் கணவன்

அன்புள்ள மேடம்,

கல்லூரியில் படிக்கும் என் மகள் சில நாட்களாக அமெரிக்கப் பாடகி மேகன் ட்ரெய்னரின் 'டியர் ஃப்யூச்சர் ஹஸ்பண்ட்' பாட்டையே ஓடவிட்டுக்கொண்டிருக்கிறாள். துள்ளலான பாட்டு, என் காலும் தாளம் போடுகிறது. வார்த்தைகளைக் கவனித்தால்தான் உறுத்துகிறது. வரப்போகும் கணவன் மோதிரம் வாங்கித் தர வேண்டுமாம், கதவைத் திறந்துவிட வேண்டுமாம், சண்டை வந்தால் அவன்தான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். வீடியோவில் அந்தப் பாடகி முட்டி போட்டுத் தரை தேய்க்கிறாள். கேட்டால், "அம்மா, அது சும்மா ரெட்ரோ, கிண்டல்" என்கிறாள் மகள். பழைய பாணியில் பாடினால் பழைய கருத்தும் கூடவே வந்துதான் ஆக வேண்டுமா?

ஒரு வாசகி, மதுரை

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் மகள் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. தானும் ஒன்பது மணிக்கு வேலைக்குப் போய் ஐந்து மணிக்குத் திரும்புகிறவள், சமைக்கத் தெரியாது, பாட்டுக் கட்டத் தெரியும் என்று பாட்டில் வரும் பெண் முதலிலேயே சொல்லிவிடுகிறாள். 2015-ல் வீடியோ வந்தபோதே அமெரிக்காவில் இதைப் பற்றிப் பெரிய சண்டை. எனக்கும் கிண்டலாகத்தான் படுகிறது. ஆனால் வசதியான கிண்டல். பழைய கல்யாணத்தில் ஆண் செய்ய வேண்டியதையெல்லாம் வரிசையாகக் கேட்கிறாள். அதற்குப் பெண் கொடுத்த விலையைப் பற்றி மூச்சு விடவில்லை.

அந்த விலையை அந்தக் காலத்துப் பாட்டுகளே பாடியிருக்கின்றன. 1960-ல் ஷிரெல்ஸ் பாடிய 'வில் யூ லவ் மீ டுமாரோ'வைக் கேட்டுப் பாருங்கள். நியூஜெர்சியில் ஒன்றாகப் பள்ளியில் படித்த நான்கு கறுப்பினப் பெண்கள். பின்னால் வயலின்கள் இனிமையாக இழைய, முன்னால் அந்தப் பெண் கேட்பது ஒரே கேள்வி: இன்றிரவு உன் காதலில் குறையில்லை, நாளைக்கும் இருக்குமா? கருத்தடை மாத்திரைக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்ததும் அதே 1960-ல்தான். ஆனால் கல்யாணமாகாத பெண்ணுக்கு அதை மறுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளிக்க 1972 ஆனது. மெட்டுப் போட்ட கரோல் கிங்குக்கு அப்போது 18 வயது. அதற்கு முந்தைய வருடம், வயிற்றில் குழந்தையோடு கல்யாணம் செய்துகொண்டவர். வார்த்தைகளை எழுதியவர் அவர் கணவர் ஜெரி காஃபின். ஒரு ஆண் எழுதினாரா என்று இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்.

1963-ல் லெஸ்லி கோர் பாடிய 'யூ டோன்ட் ஓன் மீ' இன்னும் ஒரு படி மேலே. நான் உன் உடைமை இல்லை, என்ன பேசணும் என்ன செய்யணும் என்று எனக்குச் சொல்லாதே என்று 17 வயதுப் பெண் பாடுகிறாள். சோகமாகத் தொடங்கும் மெட்டு, பல்லவிக்கு வந்ததும் சட்டென்று நிமிர்ந்துகொள்ளும். அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் பீட்டில்ஸ் குழு முதலிடத்தை விட்டுக்கொடுக்காததால் இரண்டாம் இடத்தோடு நின்ற பாட்டு. அதே 1963-ல்தான், கணவன் வீடு திரும்பும் நேரத்துக்குள் தலைவாரி மேக்கப் போட்டுக்கொள் என்று மனைவிக்குப் புத்தி சொல்லும் 'வைவ்ஸ் அண்ட் லவ்வர்ஸ்' பாட்டும் வந்தது. அதைப் பாடிய ஜாக் ஜோன்ஸுக்கு கிராமி விருதே கொடுத்தார்கள்!

ஆக, அந்தக் காலமும் இந்த விஷயத்தில் ஒரே குரலில் பேசவில்லை. பாணியோடு கருத்தும் வந்தே தீர வேண்டும் என்றால் லெஸ்லி கோரின் கருத்தும் வந்திருக்க வேண்டுமே. இன்றைய ரெட்ரோ, மெட்டைப் பழைய பாட்டிலிருந்தும் வாழ்க்கையைப் பழைய ஃபிரிட்ஜ் விளம்பரத்திலிருந்தும் எடுத்துக்கொள்கிறது என்பது என் எண்ணம். குடை மாதிரி விரிந்த பாவாடை, பளபளக்கும் அடுப்படி, சிரித்த முகம். கணவன் கையெழுத்து இல்லாமல் மனைவிக்குக் கடன் கொடுக்க வங்கிகள் யோசித்த காலம் அது. அதைத் தடுக்கும் சட்டம் 1974-ல்தான் வந்தது. அன்றைக்கு ஒரு பெண் மோதிரம் கேட்டாள் என்றால் அதில் பிழைப்பும் இருந்தது.

இவ்வளவும் சொல்கிறேனே, அந்த மேகன் ட்ரெய்னர் பாட்டைப் பாத்திரம் தேய்க்கும்போது நானும் போட்டுக் கேட்பதுண்டு. வீட்டுக்காரர் அந்தப் பக்கம் வந்தால் சத்தத்தைக் கூட்டுவேன், மன்னிப்புக் கேட்கும் இடத்தில்.

மகளைத் திட்ட வேண்டாம். ஷிரெல்ஸ் பாட்டை ஒரு தடவை அவளோடு உட்கார்ந்து கேளுங்கள். என்ன சொன்னாள் என்று எழுதுங்கள்.