குழந்தைகளோடு வட ஜெர்மனிக்கு நர்ஸ் வேலை: யார் முதலில் விமானம் ஏறுவது?

கேள்வி: சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். பி.எஸ்சி. நர்சிங் முடித்தவள். ஜெர்மன் மொழியில் பி1 என்கிற நடுநிலைத் தேர்வைத் தேறிவிட்டேன். வட ஜெர்மனியில் ஹூசும் என்ற சிறிய ஊருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை இருப்பதாக வடபழனியில் ஒரு ஏஜென்சி சொல்கிறது. மகளுக்கு ஜூனில் 14 வயது முடிந்தது, ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மகனுக்கு 5 வயது, யு.கே.ஜி. "பிள்ளைகளை இப்போதே உங்களோடு கூட்டிக்கொண்டு போங்கள், கணவர் ஒரு வருஷம் கழித்து வரட்டும்" என்கிறார்கள். மொத்தம் நாலரை லட்சம், பிள்ளைகளுக்கு ஆளுக்கு 60,000 தனி. பாதியை முன்பணமாகக் கட்டச் சொல்கிறார்கள். கட்டலாமா? பிள்ளைகளை அழைத்துப் போவதா, விட்டுவிட்டுப் போவதா?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பெரம்பூர்

பதில்: முன்பணம் கட்டாதீர்கள் சகோதரி. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். முதலில் பிள்ளைகள் விஷயம்.

ஏஜென்சி சொல்லும் வரிசை தலைகீழானது. அம்மாவும் பிள்ளைகளும் முதலில், அப்பா பிறகு என்பது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் முதியோர் இல்லத்தில் காலை ஷிஃப்ட் 6 மணி வாக்கில் தொடங்கிவிடும். சின்ன ஊர்களில் கீட்டா என்கிற குழந்தைகள் காப்பகம் பெரும்பாலும் 7 மணிக்கு மேல்தான் கதவைத் திறக்கும். ஐந்தரைக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது பையனை யார் கையில் கொடுப்பீர்கள்? டிசம்பரில் அந்தப் பக்கம் எட்டரை மணிக்கு மேல்தான் சூரியன் எழும், சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். பெரம்பூரில் மாமியார் இருப்பார், எதிர்வீட்டு அக்கா இருப்பார், ஆட்டோக்காரர் கூடத் தெரிந்தவராக இருப்பார். அங்கே யாரும் இல்லை. "மகள் பெரியவள்தானே, பார்த்துக்கொள்வாள்" என்று அடுத்து சொல்வார்கள். மொழி தெரியாத பள்ளியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் 14 வயதுப் பெண்ணின் தலையில் தம்பியையும் கட்டுவது நியாயமில்லை. இரவு ஷிஃப்டை நினைத்துப் பாருங்கள், அதற்கு மேல் நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு வயது முடிந்த குழந்தைக்குக் காப்பக இடம் கேட்கும் உரிமை ஜெர்மனியில் 2013 ஆகஸ்டிலிருந்து சட்டமாகவே இருக்கிறது. ஏஜெண்டுகள் இதைத்தான் பெரிதாகக் காட்டுவார்கள். உரிமை இருக்கிறது, இடம்தான் இல்லை. பல ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் நீளம், அங்கே வேலை செய்ய ஆளும் போதாது. உரிமையை எழுதிவைத்துவிட்டு ஆளைப் போடாமல் இருப்பது நம் ஊர் அரசாங்கத்துக்கு மட்டும் வந்த வியாதி என்று நான் நினைத்ததுண்டு. அப்படி இல்லை.

ஆகவே நீங்கள் முதலில் தனியாகப் போங்கள். கணவரும் பிள்ளைகளும் சேர்ந்து பின்னால் வரட்டும். கணவர் குடும்ப விசாவில் வந்தாலே வேலை செய்ய முழு அனுமதி உண்டு. ஆனால் முதல் சில மாதங்கள் அவர் வேலைக்குப் போகாமல் வீட்டைப் பார்த்துக்கொண்டால்தான் உங்கள் ஷிஃப்ட் ஓடும். இதை இப்போதே வீட்டில் உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவர் ஏ1 என்கிற ஆரம்ப நிலை ஜெர்மனும் படித்துத் தேர்வு எழுதட்டும். "மனைவி இன்ன விசாவில் இருந்தால் ஏ1 வேண்டாம்" என்று சட்டத்தில் விலக்குகள் இருக்கின்றன. அதை நம்பிச் சும்மா உட்கார வேண்டாம்.

இனி நீங்கள் போகும் விசா. உங்கள் பி.எஸ்சி.யை ஜெர்மனி அப்படியே ஏற்றுக்கொள்ளாது. அனர்கென்னுங் என்ற அங்கீகாரம் வாங்க வேண்டும். அங்கே இருக்கிற 16 மாநிலங்களிலும் இதற்குத் தனித்தனி அலுவலகம், தனித்தனிப் படிவம், தனித்தனிப் பிடிவாதம். நர்ஸ் போதவில்லை என்று உலகம் முழுக்கக் கூவி அழைக்கிற நாடு, வந்த நர்ஸின் காகிதத்தை மாதக்கணக்கில் மேஜைமேல் வைத்திருக்கிறது. பெரும்பாலானவர்களுக்கு "இன்னின்ன பாடத்தில் பயிற்சி குறைகிறது" என்று ஒரு கடிதம் வரும். அதன்பிறகு அங்கே போய்ப் பயிற்சிக் காலமோ தேர்வோ முடிக்க வேண்டும், பி1-க்கு அடுத்த படியான பி2 ஜெர்மனும் காட்ட வேண்டும். அதுவரை நீங்கள் நர்ஸ் அல்ல, உதவியாளர். 2025 ஜூலை நிலவரப்படி முதியோர் பராமரிப்பில் உதவியாளருக்கு மணிக்குக் குறைந்தபட்சம் 16.10 யூரோ, அங்கீகாரம் பெற்ற நர்ஸுக்கு 20.50 யூரோ. இல்லம் கொடுக்கும் தங்குமிடமோ பெரும்பாலும் ஒற்றை அறை. உதவியாளர் சம்பளத்தையும் ஒற்றை அறையையும் காட்டிப் பிள்ளைகளுக்கு விசா கேட்டால் அதிகாரி என்ன செய்வார் என்று நீங்களே யோசியுங்கள்.

இங்கே பி1-ஓடு கிளம்பாமல் பி2 முடித்துவிட்டே போங்கள் என்பேன். நுங்கம்பாக்கம் மாக்ஸ் முல்லர் பவனில் படியுங்கள், வேறு நல்ல இடத்திலும் படிக்கலாம். அங்கே போய் நின்று ஷிஃப்டும் பார்த்து பி2-வும் படிப்பது எவ்வளவு கஷ்டம் என்பது போனவர்களைக் கேட்டால் தெரியும்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒன்றுதான் எனக்கு அதிகக் கவலை: மகளின் பதினாறாவது பிறந்தநாள். "எல்லாம் செட்டில் ஆகட்டும், அப்புறம் கூப்பிட்டுக்கொள்ளலாம்" என்று ஆற அமர இருக்க உங்களுக்கு வழியில்லை. ஜெர்மன் சட்டத்தில் 16 வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளை பெற்றோரிடம் வந்து சேர்வது ஒரு கதை, 16 முடிந்த பிள்ளை பின்னால் வந்து சேர்வது வேறு கதை. 16 முடிந்துவிட்டால் சி1 ஜெர்மன் கேட்பார்கள். உங்களிடம் கேட்பதே பி2தான், மகளிடம் அதற்கும் ஒரு படி மேலே! அது இல்லையென்றால் அவளுடைய படிப்பையும் வளர்ந்த விதத்தையும் பார்த்து அங்கே ஒட்டிக்கொள்வாள் என்று அதிகாரிக்கு நம்பிக்கை வர வேண்டும். அந்த நம்பிக்கை யாருக்கு எப்போது வரும் என்று யார் கண்டது? பெற்றோரோடு ஒரே சமயத்தில் குடிபெயரும் பிள்ளைக்கு இந்தத் தொல்லை இல்லை, பின்னால் வரும் பிள்ளைக்குத்தான். நீங்கள் முன்னால் போனால் உங்கள் மகள் பின்னால் வரும் பிள்ளை.

கணக்கில் எடுப்பது மனு கொடுத்த நாளில் இருக்கும் வயதை. விசா எப்போது கைக்கு வருகிறது என்பதை அல்ல. மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதி முடிக்கும்போது ஏப்ரல் ஆகிவிடும், ஜூனில் 16 முடியும். நடுவில் இரண்டே மாதம். ஆகவே தேர்வு முடியட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடாதீர்கள். அந்த வருஷம் ஜனவரி, பிப்ரவரியிலேயே குடும்ப விசா மனு உள்ளே போயிருக்க வேண்டும். அங்கீகாரம் கைக்கு வந்திருந்தால் நல்லது. வராவிட்டாலும் போடுங்கள். ஆன்லைனில் பாதி நிரப்பிய படிவத்தை மனு என்று யாரும் எண்ண மாட்டார்கள். காகிதங்கள் முழுசாகப் போய்ச் சேர்ந்த தேதிக்கு ரசீது வாங்கி வையுங்கள். இப்படிச் செய்தால் மகள் தேர்வும் எழுதலாம், கோடை முடிந்து அங்கே பள்ளி திறக்கும்போது போய்ச் சேரவும் செய்யலாம். மகன் அதற்குள் 6 தாண்டியிருப்பான், நேராக முதல் வகுப்பு. 2026 ஆகஸ்டிலிருந்து முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளுக்கு முழுநாள் பராமரிப்பு உரிமையும் வருகிறது. உரிமைகளைப் பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும்.

வேலை தரும் இல்லத்திடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 81-ஏ பிரிவின் கீழ் விரைவு விசா நடைமுறை ஒன்று இருக்கிறது. வேலை தருபவர் அந்த ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் 411 யூரோ கட்டி மனு போட வேண்டும். உங்கள் மனுவை ஒட்டிய காலத்திலேயே அவர்களுக்கும் மனு போட்டால் கணவரையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் அதிலேயே சேர்க்கலாம். இதைச் செய்ய முன்வருகிற இல்லம் உங்களை நிஜமாகவே எதிர்பார்க்கிறது என்று அர்த்தம். குடும்பத்துக்கு வீடு தேட உதவுவார்களா, காலை ஷிஃப்டைத் தள்ளிப்போடுவார்களா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள். பதில் எழுத்தில் வர வேண்டும். "ஆமாம் ஆமாம்" என்று வீடியோ காலில் தலையாட்டியதற்கு மதிப்பில்லை. இல்லத்தின் முகவரியை ஏஜென்சி தர மறுத்தால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இப்போது அந்த நாலரை லட்சத்துக்கு வருகிறேன். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்ப மத்திய அரசின் குடிபெயர்வோர் பாதுகாப்புத் தலைமை அலுவலகத்தில் பதிவு வேண்டும். பதிவு பெற்றவர் உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், அதற்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மொத்தம் 35,400. ரசீது கட்டாயம். இந்தப் பதிவுகள் இருக்கும் அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் ஏஜென்சியின் பெயரைத் தட்டிப் பாருங்கள். பெயர் இருந்தால் 35,400-க்கு மேல் ஏன் என்று கேளுங்கள். பெயர் இல்லையென்றால் கேட்பதற்கே ஒன்றுமில்லை. "நாங்கள் ஏஜென்சி இல்லை, மொழிப் பயிற்சி மையம்" என்பார்கள். "இது பிளேஸ்மெண்ட் ஃபீஸ் இல்லை, டாக்குமெண்டேஷன்" என்பார்கள். பெயர் எதுவானாலும் பணம் உங்களுடையது. ஜெர்மனியில் ஒழுங்காக ஆள் எடுக்கிற இல்லங்கள் நர்ஸிடம் காசு வாங்குவதில்லை, செலவை அவர்களே ஏற்கிறார்கள். அப்படி நடப்பவர்களுக்கு அந்த அரசு ஒரு தரமுத்திரையே கொடுக்கிறது. இங்கே கிண்டியில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978-லிருந்து இருக்கிறது. ஜெர்மனிக்குப் போகும் நர்ஸ்களுக்கு மொழிப் பயிற்சியும் நடத்துகிறது. அரசு அலுவலகம், மெதுவாகத்தான் நகரும். ஆனால் வடபழனி மாடிப்படி ஏறுவதற்கு முன்னால் அங்கே ஒரு நடை போயிருக்க வேண்டும்.

இந்த ஏஜென்சிகள் பட்டியலில் "அப்போஸ்டில், சான்றிதழுக்கு இவ்வளவு" என்று ஒரு வரி இருக்கும். அப்போஸ்டில் என்பது சான்றிதழ் அசல்தான் என்று வெளிநாட்டுக்குக் காட்ட நம் அரசு போடும் முத்திரை. இந்தியா போடும் அப்போஸ்டிலை ஜெர்மனி ஏற்பதில்லை. ஜெர்மன் தூதரகம் தன் பாட்டுக்குத் தனியாக விசாரித்துக்கொள்ளும். இந்தியா 2005-இல் அப்போஸ்டில் உடன்படிக்கையில் சேர்ந்தபோதே ஜெர்மனி ஆட்சேபம் எழுதிவிட்டது. வேலைக்கு ஆகாத முத்திரைக்கு ஆயிரக்கணக்கில் கட்டியவர்கள் என்னிடம் கோப்போடு வந்து நிற்கிறார்கள். நன்றாக மினுமினுக்கும் முத்திரைதான், பிரேம் போட்டு மாட்டலாம்.

ஒப்பந்தம் ஜெர்மன் மொழியில் இருக்கும். அதில் அவுஸ்பில்டுங் என்ற சொல் வந்தால் நிறுத்துங்கள். அது வேலை அல்ல, மூன்று வருஷப் பயிற்சிப் படிப்பு. பி.எஸ்சி. முடித்து அனுபவமும் இருக்கிற நர்ஸைப் பிளஸ் டூ முடித்த பிள்ளையோடு உட்காரவைத்து மறுபடி முதலிலிருந்து படிக்க அனுப்புகிறார்கள். விசா சுலபம், ஏஜெண்டுக்குக் கமிஷன். உதவித்தொகையில் குடும்பத்தை அழைக்கவே முடியாது. "இடையில் விலகினால் செலவைத் திருப்பித் தர வேண்டும்" என்ற வரி இருந்தால் எவ்வளவு, எத்தனை மாதம் என்பதை ஜெர்மன் தெரிந்த, ஏஜென்சிக்குச் சம்பந்தமில்லாத ஒருவரை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நர்சிங் கவுன்சில் பதிவுச் சான்றிதழின் அசலை யாரிடமும் கொடுத்துவைக்காதீர்கள். "ஃபைலில் இருக்கட்டும் மேடம்" என்றால், "ஜெராக்ஸ் இருக்கட்டும் சார்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக. ஹூசும் வடகடல் ஓரத்தில் இருக்கிறது, மக்கள்தொகை சுமார் 23,000. பனியைவிடக் காற்றும் மழையும்தான் தொல்லை. ஹாம்பர்கிலிருந்து ரயிலில் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் திறக்காது. அரசுப் பள்ளியில் கட்டணம் இல்லை, வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுக்கவும் அனுமதி இல்லை. அரசு மருத்துவக் காப்பீட்டில் வருமானம் இல்லாத கணவரும் பிள்ளைகளும் உங்கள் பெயரிலேயே அடங்கிவிடுவார்கள், தனிப் பிரீமியம் இல்லை. பிள்ளைகளுக்கான மாத உதவி 2025-இல் ஆளுக்கு 255 யூரோ. கோயில் என்றால் ஹாம் நகரத்தில் ஈழத் தமிழர்கள் 2002-இல் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் இருக்கிறது. போய்வர ஒரு முழு நாள் வேண்டும்.

கணவருக்குக் கார் ஓட்டத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. அந்த மாதிரி ஊரில் விடியற்காலை பஸ்ஸை நம்பி ஷிஃப்ட் போக முடியாது. நம் ஊர் உரிமம் அங்கே குடியேறி 6 மாதம் வரைதான் செல்லும், அதன்பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் புதிதாகத் தேற வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம். உரிமம் இல்லையென்றால் கணவர் இங்கேயே எடுத்துக்கொண்டு, நம் சாலையில் நன்றாக ஓட்டிப் பழகிவிட்டு வரட்டும்.