மாலை ஆறு மணிக்கு என்ன செய்வீர்கள்?

கேள்வி: எனக்கு 34 வயது. இதுவரை குடும்பத்தோடோ தோழிகளோடோதான் பயணம் போயிருக்கிறேன். முதல்முறையாக ஒரு வாரம் தனியாக வெளிநாடு போகலாம் என்று விடுப்பு வாங்கிவிட்டேன். வியன்னா, கியோத்தோ, லிஸ்பன், வெனிஸ் நான்கும் மனதில் இருக்கின்றன. பார்க்க வேண்டிய இடங்களை எண்ணிப் பார்த்தால் எல்லாமே சமமாக வருகிறது. எப்படி முடிவு செய்வது?

பதில்: இடங்களை எண்ணுவதை முதலில் நிறுத்துங்கள். பகல் எந்த ஊரிலும் ஓடிவிடும். அரண்மனையிலோ அருங்காட்சியகத்திலோ பக்கத்தில் ஆள் இல்லாதது உறுத்தாது. பிடித்த ஓவியத்தின் முன்னால் அரை மணி நேரம் நிற்கலாம், யாரும் கையைப் பிடித்து இழுக்க மாட்டார்கள். தனிமை கனக்கத் தொடங்குவது மாலை ஆறு மணிக்கு மேல்தான். பார்க்கப் போன இடத்தில் கதவைச் சாத்துகிறார்கள், கால் வலிக்கிறது, படுக்கவோ இன்னும் நான்கு மணி நேரம் இருக்கிறது. அந்த நான்கு மணி நேரத்தில் தனியாக வந்தவரை ஊர் எப்படி நடத்துகிறது என்பதை வைத்துத்தான் இருபது வருடமாக நான் ஊர் தேர்ந்தெடுக்கிறேன்.

வியன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்குள்ள பழைய காபி நிலையங்களில் ஒரு கோப்பை காபி கேட்டால் சின்னத் தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரோடு வரும். செய்தித்தாள்களை மரச்சட்டத்தில் செருகி மாட்டியிருப்பார்கள். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் யாரும் ‘வேறென்ன வேண்டும்?’ என்று விரட்டுவதில்லை. சுற்றிலும் பாதி மேசைகளில் ஒற்றை ஆள்தான். நாம் யாருடைய கண்ணிலும் படுவதில்லை. தனியாகப் போகிறவருக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை அங்கே உட்கார்ந்த பிறகுதான் உணர்ந்தேன்.

இரவானால் ஓபரா என்கிற இசை நாடகம் நடக்கும் அரசு அரங்கம் இருக்கிறது. நின்றபடி பார்ப்பவர்களுக்கென்றே அங்கே நூற்றுக்கணக்கான இடங்கள் உண்டு, இருக்கைக்குக் கொடுப்பதில் சிறு பங்குதான் கட்டணம். இடம் பிடித்தவர்கள் முன்னால் உள்ள கம்பியில் ஒரு துணியைக் கட்டிவைத்துவிட்டு வெளியே போய்வருவார்கள். எனக்கு அது தெரியாது, வெறுங்கையோடு நின்றேன். பக்கத்தில் நின்ற மூதாட்டி தன் கழுத்துத் துணியை அவிழ்த்து, தன் இடத்தோடு சேர்த்து என் இடத்துக்கும் நீளமாக இழுத்துக் கட்டினார். அவர் பேசிய ஜெர்மன் எனக்குப் புரியவில்லை. ஆனாலும் இடைவேளை முழுவதும் இருவரும் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தோம். கூட ஒருவர் வந்திருந்தால் அவரோடு பேசியிருப்பேன், அந்த அம்மாவை இழந்திருப்பேன். திரும்பி வருவதிலும் கவலை இல்லை. வெள்ளி, சனி இரவுகளில் சுரங்க ரயில் விடிய விடிய ஓடுகிறது.

கியோத்தோவில் சாப்பாட்டு நேரம் சுகம். சமைப்பவரைப் பார்த்தபடி வரிசையாக உட்காரும் பலகை மேசைகள் பல கடைகளில் உண்டு. தனியாக வருவது அங்கே சாதாரண விஷயம். ஆனால் பெரும்பாலான கோயில்கள் ஐந்து மணியோடு மூடிவிடும். மாலைக்குக் காமோ ஆற்றங்கரை நடை இருக்கிறது, இரவிலும் திறந்திருக்கும் ஃபுஷிமி இனாரி கோயிலின் மலைப்பாதை இருக்கிறது. சீக்கிரம் படுத்து அதிகாலையில் எழுகிறவர் என்றால் உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது. லிஸ்பனில் சூரியன் மறையும் நேரத்துக்கு ஊரே மேட்டு முனைகளில் வந்து உட்கார்ந்துவிடும், நாமும் போய் உட்காரலாம். ஒரே சிக்கல், ஏற்ற இறக்கமும் வழுக்கும் கல் பாவிய தெருக்களும். 1755 நிலநடுக்கத்துக்குப் பிறகு கட்டம் போட்டுத் திரும்பக் கட்டிய பைஷா பகுதி சமதளம். அறையை அங்கே எடுங்கள்.

வெனிஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நான் முதன்முதலில் தனியாகப் போன ஊர் அதுதான். நானூறுக்கும் மேற்பட்ட பாலங்கள், பெரும்பாலானவற்றில் படிக்கட்டு, உள்ளே கார் கிடையாது. இரவு பத்தரை மணிக்கு இறங்கினேன். கனமான பெட்டியைப் பாலத்துக்குப் பாலம் தூக்கிக்கொண்டு தங்குமிடத்தைக் கண்டுபிடித்தபோது கதவு பூட்டியிருந்தது, தொலைபேசியை யாரும் எடுக்கவில்லை. பகலில் வந்த கூட்டமெல்லாம் ஊர் திரும்பியிருந்தது, சந்தில் என் பெட்டியின் சக்கரச் சத்தம் மட்டும்தான். உதவிக்கு ஆள் வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒன்றும் நடந்துவிடவில்லை. ஆனாலும் அந்த முக்கால் மணி நேரம் அடுத்த மூன்று நாட்களையும் கெடுத்துவிட்டது, எந்தச் சந்தில் நுழையவும் பயம். இரண்டாவது முறை பகலில், சின்னப் பையோடு போனேன். அதே சந்துகளில் இரவு பதினோரு மணி வரை ஆசை தீர நடந்தேன். அதனால் வெனிஸை இரண்டாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் வெளிச்சத்தில் போய் இறங்குங்கள். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. விமான நேரத்தோடு சூரியன் மறையும் நேரத்தையும் பாருங்கள். ஸ்டாக்ஹோமில் டிசம்பர் கடைசியில் பிற்பகல் மூன்று மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் அதே ஊரில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். தனியாகப் போகிறவருக்கு இவை இரண்டு வேறு ஊர்கள். இருட்டில் இறங்குவதைத் தவிர்க்க முடியாது என்றால் விமான நிலையத்திலிருந்து நேராக ரயில் இருக்கிற ஊராகப் பாருங்கள். கோபன்ஹேகனில் மெட்ரோ 24 மணி நேரமும் ஓடுகிறது, கால் மணி நேரத்தில் நகரத்தின் நடுவில் கொண்டுபோய் விடும்.

பாதுகாப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருக்கும். இரவு ஒன்பது மணிக்குத் தெருவில் யார் நடக்கிறார்கள் என்று விசாரியுங்கள். பாட்டிகளும் பள்ளிப் பிள்ளைகளும் நடக்கிற தெருவில் நீங்களும் நடக்கலாம். தைப்பே மெட்ரோவில் இரவில் பாதுகாப்பாகக் காத்திருப்பதற்கென நடைமேடையில் தனி இடம் குறித்து வைத்திருக்கிறார்கள். இதையெல்லாம் யோசித்து வைத்திருக்கிற ஊர் தனியாக வருகிறவரை மதிக்கிற ஊர்.

சரி, உங்களுக்கு என் பதில் வியன்னா. கழுத்துக்கு ஒரு நீளத் துணி எடுத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: 62 வயது. மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. இருவரும் சேர்ந்து போவதாக இருந்த பயணத்தை இப்போது தனியாகவாவது போகலாம் என்று தோன்றுகிறது. ‘இந்த வயதில் தனியாக எதற்கு அப்பா?’ என்று பிள்ளைகள் தடுக்கிறார்கள்.

பதில்: போங்கள் ஐயா. வியன்னாவில் பிறந்த இடா ஃபைஃபர் என்ற அம்மையார் இரண்டு மகன்களும் வளர்ந்து ஆளான பிறகு, 1842-ல், 44 வயதில் தனியாக எருசலேமுக்குக் கிளம்பினார். கான்ஸ்டான்டிநோபிளில், அதாவது இன்றைய இஸ்தான்புல்லில், இருக்கும் தோழியைப் பார்க்கப் போவதாகத்தான் வீட்டில் சொன்னார். பிறகு இரண்டு முறை உலகத்தையே சுற்றி வந்தார். நீங்கள் பொய் சொல்லிவிட்டுப் போக வேண்டாம். தங்குமிட முகவரியைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், தினமும் ஒரே நேரத்தில் ஒரு செய்தி அனுப்புங்கள். பாதிக் கவலை அதிலேயே போய்விடும்.

ஊர் என்றால், சேர்ந்து போவதாக இருந்த ஊருக்கே முதலில் போகாதீர்கள் என்பது என் எண்ணம். அங்கே ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் இருந்திருந்தால் என்றுதான் தோன்றும். உங்கள் இருவர் பேச்சிலும் வராத ஒரு சின்ன ஊரில் தொடங்குங்கள். ஸ்லோவேனியாவின் தலைநகரம் லுப்லியானாவில் 2007 முதல் நகர மையத்தில் வாகனங்களை விடுவதில்லை. ஆற்றோரம் உட்கார்ந்துகொண்டே மாலையைக் கழித்துவிடலாம். மொழி பயமாக இருக்கிறதா? சிங்கப்பூரின் நான்கு ஆட்சிமொழிகளில் தமிழும் ஒன்று. அவசரத்துக்கு நம் மொழியிலேயே வாய் திறந்து கேட்கலாம் என்ற தைரியம் முதல் பயணத்துக்குப் போதும். அப்புறம், அறை எடுக்கும்போதும் குழுச் சுற்றுலாவில் சேரும்போதும் ஒற்றை ஆளுக்குக் கூடுதல் கட்டணம் உண்டா என்று முன்பே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் இருவருக்கான கணக்குதான் போடுகிறார்கள்.

கேள்வி: தனியாகத்தானே போகிறேன், எட்டு நாளில் ஐந்து நகரங்கள் முடியுமா?

பதில்: ரயில் அட்டவணைப்படி முடியும். ஆனால் பெட்டியைப் பார்த்துக்கொள்ள, வழி கேட்க, பயணச்சீட்டு வாங்க எல்லாவற்றுக்கும் நீங்கள் ஒருவர்தான். ஒவ்வொரு ஊர் மாற்றமும் அரை நாளைத் தின்றுவிடும். இரண்டு நகரங்கள் வைத்துக்கொள்ளுங்கள், ஐந்து இரவும் மூன்று இரவுமாக. மூன்றாம் நாள் காலையில் அதே கடைக்குப் போகும்போது கடைக்காரர் உங்களைப் பார்த்துத் தலையசைப்பார்.